மிக்ஸிங்குக்கு அனுப்பிய ட்ராக் திரும்பி வருகிறதா? கோளாறு வாரியாகச் சரிபார்க்கும் வழி

வீட்டு அறையில் ஒரு மைக், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு லேப்டாப். பாட்டை அங்கேயே ரெக்கார்ட் செய்து முடித்துவிட்டு, மிக்ஸிங்கை (தனித்தனி ட்ராக்குகளை ஒரே பாட்டாகக் கலக்கும் வேலையை) மட்டும் வெளியே கொடுப்பது இப்போது சகஜமாகிவிட்டது. எனக்கு வரும் பக்திப் பாடல்கள், கல்யாணப் பாட்டுகள், குறும்படப் பின்னணி இசை எல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. லிங்க் வந்த கையோடு "அண்ணா, ஃபைல் எல்லாம் ஓகேவா?" என்று ஒரு மெசேஜும் வரும். ஓகே இல்லாத நாள்தான் அதிகம். ஆனால் கோளாறுகள் என்னவோ திரும்பத் திரும்ப அதேதான். என்ஜினியர் உங்களிடம் என்ன குறை சொன்னாரோ, கீழே அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம். இன்னும் அனுப்பவே இல்லை என்றால் முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

எக்ஸ்போர்ட் செய்த ஃபைல்களை மட்டும் புதிதாகத் திறந்த காலி ப்ராஜெக்டில் இழுத்துப் போடுங்கள். எல்லாம் முதல் பாரின் தொடக்கத்தில் நிற்கட்டும். எந்த ஃபேடரையும் (ஒலி அளவுக் குமிழையும்) தொட வேண்டாம், ப்ளக்-இன் (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்) எதுவும் போட வேண்டாம். ப்ளே அழுத்தி ஆரம்பத்திலிருந்து கடைசி வரை கேளுங்கள். நாலு நிமிஷப் பாட்டுக்கு நாலு நிமிஷம்தான் செலவு. கீழே வரும் கோளாறுகளில் முக்கால்வாசி அதற்குள் உங்கள் காதிலேயே விழுந்துவிடும். "என் ப்ராஜெக்ட்ல நல்லாத்தானே கேட்குது" என்பது கணக்கில் வராது. என்ஜினியரிடம் உங்கள் ப்ராஜெக்ட் இல்லை, இந்த ஃபைல்கள்தான் இருக்கின்றன.

ஏபிள்டன் லைவ் மென்பொருளில் இந்தச் சோதனையைச் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீளமான ஃபைல்களை இழுத்துப் போடும்போது அது தானாக வார்ப் செய்து நீட்டிச் சுருக்கிவிடக்கூடும். எல்லா க்ளிப்பிலும் வார்ப்பை அணைத்துவிட்டுக் கேளுங்கள். இல்லாவிட்டால் சரியான ஃபைலையே பழுது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

## "புல்லாங்குழல் எங்கே வரணும்னே தெரியல"

உங்கள் ப்ராஜெக்டில் புல்லாங்குழல் இரண்டாவது இடையிசையில், 1 நிமிடம் 52 விநாடியில் நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் துண்டை மட்டும் தேர்ந்தெடுத்து எக்ஸ்போர்ட் கொடுத்தால் கிடைப்பது 18 விநாடி ஃபைல். என்ஜினியர் அதை இழுத்துப் போட்டால் பாட்டின் தலையில் போய் உட்காரும். ப்ராட்காஸ்ட் வேவ் வகை ஃபைலில் நேர முத்திரை உண்டுதான். ஆனால் எல்லா மென்பொருளும் அதைத் தானாகப் படித்து உரிய இடத்தில் வைப்பதில்லை. அதை நம்பி அனுப்ப வேண்டாம்.

கண்டுபிடிப்பது எளிது. ஃபோல்டரைத் திறந்து ஃபைல்களின் நீளத்தைப் பாருங்கள். எல்லாம் ஒரே நீளமாக இல்லை என்றால் இதுதான் கோளாறு. ஒவ்வொரு ட்ராக்கும் ஒரே புள்ளியில் தொடங்கி ஒரே புள்ளியில் முடிய வேண்டும். புல்லாங்குழல் மூன்றரை நிமிஷம் சும்மா இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், மௌனத்துக்கும் சேர்த்துத்தான் ஃபைல்.

இதை எப்படிச் செய்வது என்பது நீங்கள் வைத்திருக்கும் ரெக்கார்டிங் மென்பொருளைப் பொறுத்தது. லாஜிக்கில் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் என்பதற்குள் 'ஆல் ட்ராக்ஸ் ஆஸ் ஆடியோ ஃபைல்ஸ்' இருக்கிறது. அங்கே நீளத்துக்கான தேர்வில் 'எக்ஸ்டென்ட் ஃபைல் லென்த் டு ப்ராஜெக்ட் எண்ட்' என்று வையுங்கள், நார்மலைஸ் (ஒலியைத் தானாக உச்ச அளவுக்கு ஏற்றுவது) ஆஃப். க்யூபேஸில் இடது வலது லொகேட்டர்களைப் பாட்டின் இரு முனையிலும் நிறுத்தி, எக்ஸ்போர்ட் ஆடியோ மிக்ஸ்டவுனில் பல சேனல்களை ஒரே தடவையில் டிக் செய்யலாம். ரீப்பரில் எல்லா ட்ராக்கையும் தேர்ந்தெடுத்து, ரெண்டர் பெட்டியில் ஸோர்ஸ் என்ற இடத்தில் 'ஸ்டெம்ஸ்' என்று மாற்ற வேண்டும். ஏபிள்டனில் 'ஆல் இன்டிவிஜுவல் ட்ராக்ஸ்', எஃப்எல் ஸ்டுடியோவில் 'ஸ்ப்ளிட் மிக்ஸர் ட்ராக்ஸ்'. எஃப்எல்லில் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி மிக்ஸர் சேனலுக்கு அனுப்பியிருந்தால்தான் பிரிந்து வரும். இல்லையென்றால் எட்டு வாத்தியமும் மாஸ்டரிலேயே ஒரே ஃபைலாக விழும். ப்ரோ டூல்ஸில் தொடக்கத்திலிருந்து முடிவு வரை செலக்ட் செய்து கன்சாலிடேட் கொடுங்கள்: மேக்கில் ஷிஃப்ட், ஆப்ஷன், 3, விண்டோஸில் ஷிஃப்ட், ஆல்ட், 3. இந்தக் கன்சாலிடேட் ப்ளக்-இன்களைச் சேர்க்காமல் ஒலியை மட்டும் ஒரே துண்டாக்கும். பெரும்பாலும் நமக்கு வேண்டியதும் அதுதான்.

கராஜ்பேண்டில் இந்த வசதி கிடையாது. ஒவ்வொரு ட்ராக்காக ஸோலோ போட்டு (அது மட்டும் கேட்கும்படி வைத்து), பாட்டு முழுவதற்கும் சைக்கிள் பகுதியை நீட்டிவைத்து, அந்தப் பகுதியை மட்டும் எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். முன்னதாக செட்டிங்ஸில் ஆட்டோ நார்மலைஸை அணைத்துவிடுங்கள். அதை விட்டால் மெல்லிய தாளச் சத்தமும் பாடகர் அளவுக்கு உரக்க வந்து நிற்கும். பொறுமை இல்லாதவர்கள் ப்ராஜெக்டையே லாஜிக் வைத்திருக்கும் நண்பரிடம் கொடுக்கலாம். லாஜிக் அதை அப்படியே திறந்துகொள்ளும்.

எல்லாம் ஒரே இடத்தில் தொடங்கியும் ஒரு ட்ராக் மட்டும் மயிரிழை பின்தங்குகிறதா? அது ஒரு காலத்தில் எம்பி3-ஆக இருந்திருக்கும். எம்பி3 ஆக்கும்போது ஃபைலின் தலையில் சிறு மௌனம் சேர்ந்துவிடுகிறது. எம்பி3 ஆக்கும் லேம் என்கோடரில், திரும்பப் படிக்கும் டிகோடரின் தாமதத்தையும் சேர்த்தால் 1,105 சாம்பிள் (ஒலியை அளந்து பதிந்த புள்ளிகள்), அதாவது 44.1 கிலோஹெர்ட்ஸில் சுமார் 25 மில்லிவிநாடி. வேகமான காலப்பிரமாணத்தில் மிருதங்கச் சொல் தடுமாற இது போதும். திரும்ப வேவ் ஆக மாற்றினாலும் இந்தத் தாமதம் போகாது. போன தரமும் வராது. வாத்தியக் கலைஞர் எம்பி3-இல் அனுப்பியிருந்தால் அவரிடமே மூல வேவ் ஃபைலைக் கேட்டு வாங்குங்கள்.

தொடக்கத்தில் சேர்ந்திருந்து, பல்லவி தாண்டி, சரணத்தில் மெல்ல மெல்ல விலகினால் அது வேறு நோய். போனிலோ கையடக்க ரெக்கார்டரிலோ தனியாகப் பதிவு செய்த ட்ராக்கில் இது வரும். ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் கடிகாரம். இரண்டும் துல்லியமாக ஒன்றாக ஓடாது. பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு கைத்தட்டு இருந்தால் என்ஜினியர் இரண்டையும் பொருத்தி நீட்டிச் சரிசெய்துவிடுவார். இல்லை என்றால் "இது போன் ரெக்கார்டிங், விலகும்" என்று சொல்லியாவது அனுப்புங்கள்.

## "பாட்டு இழுக்குது, சுருதியும் இறங்கிடுச்சு"

சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை சாம்பிள் என்ற கணக்கு) குழப்பம், வேறொன்றும் இல்லை. 48 கிலோஹெர்ட்ஸில் பதிவான ஃபைலை 44.1 என்று நினைத்து ஓட்டினால், நாலு நிமிஷப் பாட்டு 4 நிமிடம் 21 விநாடி ஆகும். சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைஸ்வரம் இறங்கும். ஐந்து கட்டையில் பாடியது நாலுக்கும் நாலரைக்கும் நடுவில் எங்கேயோ தொங்கும். பாடகி குரல் திடீரென்று தூக்கக் கலக்கமாகக் கேட்டால் உடனே இதைச் சந்தேகப்படுங்கள். தலைகீழாக நடந்தால் வேகமும் சுருதியும் ஏறும்.

பல மென்பொருள்கள் ஃபைலை உள்ளே எடுக்கும்போது மாற்றட்டுமா என்று கேட்கும். அவசரத்தில் 'வேண்டாம்' என்று அழுத்துவதில்தான் பாதிக் கேஸ் ஆரம்பிக்கிறது. ப்ராஜெக்டைத் தொடங்கும்போதே ஒரு ரேட்டை முடிவு செய்து, பாதியில் மாற்றாதீர்கள். படத்துக்கோ வீடியோவுக்கோ என்றால் 48. வெறும் பாட்டுக்கு 44.1 இருந்தாலும் குறையில்லை. எதில் பதிவு செய்தீர்களோ அதிலேயே எக்ஸ்போர்ட் செய்யுங்கள். 44.1-இல் பதிவானதை 96-க்கு ஏற்றி அனுப்பினால் ஃபைல்தான் பெருக்கும், ஒலியில் புதிதாக ஒன்றும் சேராது.

## "உச்சத்துல கரகரன்னு உடையுது"

இதில் இரண்டு வகை. ஒன்று பிழைக்கும், ஒன்று பிழைக்காது.

உடைகிற இடத்தில் அலைவடிவத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். தவிலின் ஓர் அடி, அல்லது சரணத்தில் மேல் ஷட்ஜத்தைப் பிடிக்கிற குரல். இயல்பான அலை மேலே போய் வளைந்து திரும்பும். உடைந்த அலையின் தலை, இளநீரைச் சீவியதுபோல் தட்டையாக நிற்கும். இப்போது அந்தத் தட்டை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் மூல ரெக்கார்டிங்கிலேயே அது 0 டெசிபெல்லில் மோதி நின்றால், இன்டர்ஃபேஸின் உள்ளீட்டிலேயே வெட்டுப்பட்டுவிட்டது. 0-க்குக் கீழேயே தட்டையாகியிருந்தால் மைக்கிலோ முன்னால் இருந்த மிக்ஸரிலோ, மைக் ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்பிலோ உடைந்திருக்கும். இரண்டுக்கும் முறையான மருந்து திரும்பப் பதிவு செய்வதுதான். பழுது நீக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. அங்கொன்று இங்கொன்று உடைந்திருந்தால் ஒப்பேற்றலாம், தவில் முழுக்க உடைந்திருந்தால் முடியாது.

மூலத்தில் நன்றாக இருந்து, எக்ஸ்போர்ட்டில் மட்டும் உடைந்தால் கவலை வேண்டாம். ட்ராக் ஃபேடரோ ஏதாவது ப்ளக்-இன்னோ ஒலியை 0-க்கு மேல் தள்ளியிருக்கிறது. அதைக் குறைத்து மறுபடி எக்ஸ்போர்ட் செய்யுங்கள், அல்லது 32 பிட் ஃப்ளோட்டில் கொடுங்கள். ஃப்ளோட் ஃபைலில் 0-க்கு மேல் போனதும் அழியாமல் இருக்கும், என்ஜினியர் இறக்கிக்கொள்வார். ஆனால் உள்ளீட்டில் வெட்டுப்பட்டதை 32 பிட் ஃபைலில் எழுதினாலும் அது வெட்டுப்பட்டதுதான். இந்த ஒரு விஷயத்தைப் பலர் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள்.

அடுத்த தடவைக்கு: உச்ச ஒலி மைனஸ் 10-க்கும் மைனஸ் 6-க்கும் நடுவே நிற்கும்படி கெயின் (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவு) வையுங்கள். "சின்னதா தெரியுதே" என்று பதற வேண்டாம். 24 பிட்டில் ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 6 டெசிபெல். மைனஸ் 12-இல் பதிவு செய்தால் 2 பிட் வீண். மிச்சம் 22 பிட். உங்கள் அறையின் மின்விசிறிச் சத்தம் அதற்கெல்லாம் வெகு மேலே இருக்கிறது. லெவல் பார்க்கும்போது ஒரு தந்திரம் தேவை. "ஒரு தடவை வாசிங்கண்ணே" என்று தவில்காரரைக் கேட்டால் அவர் மரியாதைக்கு மெல்லத் தட்டிக் காட்டுவார். தீர்மானத்தை (முத்தாய்ப்பாக வாசிக்கும் பகுதியை) முழுக் கையில் வாசிக்கச் சொல்லி அதற்கு லெவல் வையுங்கள். பாடகர் என்றால் பாட்டின் முதல் வரிக்கு வேண்டாம், உச்ச வரிக்கு.

## "எல்லாம் ஏற்கெனவே மிக்ஸ் ஆன மாதிரி இருக்கே"

என்ஜினியர் கையைக் கட்டிப்போட இதைவிட எளிய வழி இல்லை. எல்லா ட்ராக்கும் சேரும் மாஸ்டரில் லிமிட்டர் (உச்ச ஒலியை அமுக்கும் ப்ளக்-இன்) போட்டு வேலை செய்திருப்பீர்கள்; எக்ஸ்போர்ட்டில் ஒவ்வொரு ட்ராக்கும் அந்த லிமிட்டர் வழியாக நசுங்கி வந்திருக்கும். ஏபிள்டனில் 'இன்க்ளூட் ரிட்டர்ன் அண்ட் மாஸ்டர் எஃபெக்ட்ஸ்' (புதிய பதிப்பில் மாஸ்டருக்குப் பதில் 'மெயின்') டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், வேண்டாம். லாஜிக்கில் ப்ளக்-இன்களைத் தவிர்க்கத் தனி டிக் இருக்கிறது, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அதையும் போடக் கூடாது. மென்பொருள் ஆம்ப் வழியாக வாசித்த கிட்டாரில் அந்த ப்ளக்-இன்னை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கம்பிச் சத்தம்தான்.

எதை விடுவது, எதை எடுப்பது? என் கணக்கு இது: அந்த எஃபெக்ட் இல்லாமல் வாத்தியத்தின் அடையாளமே மாறிவிடும் என்றால் அதோடு அனுப்புங்கள், கூடவே இல்லாமல் ஒன்றும் அனுப்புங்கள். அழகுக்காகப் போட்ட ஈக்வலைசர், கம்ப்ரஸர், ரீவெர்ப், டிலே எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். குரலில் ரீவெர்ப் ஒட்டி வந்தால் அதைச் சுத்தமாகப் பிரித்தெடுப்பது கஷ்டம். "அண்ணா, அந்த ரீவெர்ப் இருந்தாதான் எனக்குப் பாடவே வரும்" என்பார்கள். சரிம்மா, அது ஹெட்போன்ல இருக்கட்டும், ஃபைல்ல வேணாம். பாட்டின் நாடியே ஒரு குறிப்பிட்ட டிலேயில் இருக்கிறதென்றால் அந்த டிலேயை மட்டும் தனி ட்ராக்காகக் கொடுத்துவிடுங்கள்.

பிட்ச் கரெக்‌ஷன் (சுருதி விலகலை மென்பொருளால் திருத்துவது) தனிக் கதை. கமகம் உள்ள பாட்டில் அதை வேகமாக ஓட்டினால், தோடியின் காந்தார அசைவு உடைந்து தனித்தனி ஸ்வரமாக நின்றுவிடும். பாடியவருக்கே அது தன் குரல் இல்லை என்று தோன்றும். உங்களுக்குத் திருத்திய வடிவம் பிடித்திருக்கலாம். அதையும் அனுப்புங்கள், திருத்தாததையும் அனுப்புங்கள். இரண்டும் இருந்தால் தேவையான சொல்லுக்கு மட்டும் திருத்தியதை எடுத்துக்கொள்ளலாம்.

எல்லா எஃபெக்ட்டும் இருக்கும் உங்கள் ரஃப் மிக்ஸ் ஒன்றைக் கட்டாயம் சேர்த்து அனுப்புங்கள். உங்கள் மனதில் பாட்டு எப்படிக் கேட்கிறது என்று நாலு பக்கம் எழுதுவதைவிட அது தெளிவாகச் சொல்லும். அதற்கு மட்டும் எம்பி3 போதும்.

## "மிருதங்கத்துக்கு அடியே இல்ல"

மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலைக்கு ஒரு மைக், இடப்பக்கத் தோலான தொப்பிக்கு ஒரு மைக். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் அருமை. சேர்த்தால் மெலிந்து அட்டைப்பெட்டி தட்டுகிற சத்தம். இரண்டு தோலும் எதிரெதிர்ப் பக்கம் பார்ப்பதால், ஒரு மைக்குக்கு அலை மேலே போகிற நேரத்தில் இன்னொன்றுக்குக் கீழே போகலாம். சேரும்போது ஒன்றையொன்று தின்றுவிடும். முதலில் அடிபடுவது தாழ்ந்த ஒலிதான்.

சோதிக்க, இரண்டையும் நடுவில் வைத்து ஒன்றின் போலாரிட்டி பட்டனை (அலையைத் தலைகீழாக்குவது) அழுத்துங்கள். வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட குறி. எந்த நிலையில் தொப்பி கனமாகக் கேட்கிறதோ அதுதான் சரி. அழுத்தியது சரி என்று தெரிந்தால் அதைக் குறிப்பில் எழுதுங்கள், அது போதும். மைக்குகளுக்கு நடுவே இருக்கும் தூரத்தால் வரும் தாமதத்தை நீங்களே இழுத்துப் பொருத்த முயல வேண்டாம். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிவிநாடி, 48 கிலோஹெர்ட்ஸில் 140 சாம்பிள். நேரடி லைனிலும் ஆம்ப் மைக்கிலும் எடுத்த பேஸ் கிட்டாரிலும் இதே கதைதான். பாதி பொருத்தி வைத்ததைக் கண்டுபிடித்துத் திருத்துவது, தொடாமல் விட்டதைப் பொருத்துவதைவிடக் கஷ்டம்.

இன்னொரு வேடிக்கையும் நடக்கும். ஹெட்போனில் அட்டகாசமாகக் கேட்கிற குரல், போன் ஸ்பீக்கரில் காணாமல் போகும். மிக்ஸரின் பாலன்ஸ்டு அவுட்டை (ஒரே ஒலியை ஒரு கம்பியில் நேராகவும் இன்னொன்றில் தலைகீழாகவும் அனுப்புவது) ஸ்டீரியோ உள்ளீட்டில் செருகினால், ஒரே ஒலி இடதில் நேராகவும் வலதில் தலைகீழாகவும் பதிவாகக்கூடும். மோனோவாகச் சேர்த்தால் இரண்டும் கழிந்து பூஜ்யம். வலது சேனலைத் தூக்கிவிட்டு இடதை மட்டும் மோனோ ஃபைலாக அனுப்புங்கள், பாட்டு பிழைத்தது. ஒரே மைக்கில் எடுத்த எதையும் மோனோவாகவே அனுப்புவதுதான் நல்லது. ஸ்டீரியோ ஆக்குவதால் ஃபைலின் எடை இரட்டிப்பாவதைத் தவிர ஒரு லாபமும் இல்லை.

## "பின்னாடி ஏதோ ஓடிக்கிட்டே இருக்கு"

ஏதோ என்றால் எது என்று முதலில் பிரியுங்கள்.

'ம்ம்ம்' என்று ஒரே ஸ்தாயியில் நிற்பது கரண்ட். நம் ஊரில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 50, 100, 150 என்று அதன் மடங்குகளில் நிற்கும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி சார்ஜரும் எர்த்தும்தான். நிற்கவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். பாலன்ஸ்டு கேபிள் போட வேண்டிய இடத்தில் சாதாரண கிட்டார் கேபிள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

'ஸ்ஸ்' என்று பரவி நிற்பது மின்விசிறி, ஏசி. டேக் எடுக்கும் நேரத்துக்கு அணைத்துவிடுவதுதான் வழி. வேர்த்துக் கொட்டும், வேறு வழி இல்லை. ஏற்கெனவே எடுத்தாகிவிட்டதென்றால், பாடுவதற்கு முன்னால் அறை மட்டும் பேசுகிற இரண்டு மூன்று விநாடியை வெட்டாமல் ட்ராக்கில் விட்டுவையுங்கள். இரைச்சலை நீக்கும் மென்பொருளுக்கு அந்த மாதிரி வேண்டும். நாய்ஸ் கேட் (மெல்லிய சத்தத்தைத் தானாக அடைக்கும் ப்ளக்-இன்) போட்டு நீங்களே சுத்தம் செய்து அனுப்பினால் வரியின் கடைசி எழுத்தும் மூச்சும் சேர்ந்து போய்விடும்.

'டிக் டிக்' என்பது ஹெட்போனிலிருந்து கசிந்த மெட்ரோனோம். தாள வாத்தியம் ஓடும் இடங்களில் மறைந்துவிடும். விருத்தத்திலோ, எல்லா வாத்தியமும் நின்று குரல் மட்டும் நீளும் கடைசி வரியிலோ மானத்தை வாங்கும். வரிகளுக்கு நடுவே இருந்தால் வெட்டலாம். நீண்டு நிற்கும் ஸ்வரத்துக்கு அடியில் இருந்தால் அந்த வரியைத் திரும்பப் பாடுவது நல்லது. காதை முழுதாக மூடும் ஹெட்போன், குறைந்த க்ளிக் சத்தம், பாட்டு முடிகிற இடத்தில் க்ளிக்கையே அணைத்துவிடுவது: மூன்றும் சேர்ந்தால் இந்தத் தொல்லை இல்லை.

தம்புரா கசிவு இன்னும் நுணுக்கமானது. பாடகர் போனில் சுருதிப்பெட்டி ஆப் ஒன்றை ஓடவிட்டுப் பாடியிருப்பார். ப்ராஜெக்டில் வேறொரு தம்புரா இருக்கும். இரண்டும் ஐந்து கட்டைதான். ஆனால் ஆப்பில் யாரோ ஃபைன் ட்யூனைக் கொஞ்சம் நகர்த்தியிருந்தால் இரண்டும் சேர்ந்து மெல்ல அலை அலையாக ஏறி இறங்கும். இதை மிக்ஸில் சரிசெய்ய முடியாது. பாடகருக்கு ஹெட்போனில் ப்ராஜெக்டின் தம்புராவையே கொடுங்கள்.

## "நடுநடுவே டப்புன்னு கேட்குது"

நாலு டேக்கிலிருந்து வெட்டி ஒட்டிய இடங்களில் க்ராஸ்ஃபேட் (ஒரு துண்டு மெல்லக் குறைய அடுத்தது மெல்ல ஏறுவது) இல்லை. ஒவ்வொரு ஒட்டிலும் சில மில்லிவிநாடி க்ராஸ்ஃபேட் போட்டு, அப்புறம் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். மூச்சு பாதியில் வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதை என்ஜினியரிடம் விட முடியாது. எக்ஸ்போர்ட் ஆனபின் ஒட்டு எங்கே இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. எந்த டேக் என்று முடிவெடுக்காமல் நாலையும் அனுப்பி "நீங்களே நல்லதா பாத்து எடுத்துக்கோங்க" என்றால் அது எடிட்டிங் வேலை. அதற்குத் தனியாகக் காசு கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

## "கீபோர்ட் ட்ராக்ல சத்தமே வரல"

மிடி ஃபைலையோ ப்ராஜெக்ட் ஃபைலையோ அனுப்பியிருக்கிறீர்கள். மிடியில் எந்த ஸ்வரம், எப்போது, எவ்வளவு அழுத்தம் என்ற தகவல்தான் உண்டு, ஒலி இல்லை. உங்களிடம் இருக்கும் வீணை சாம்பிள் லைப்ரரி அவரிடம் இருக்கும் என்று என்ன நிச்சயம்? எல்லா மென்பொருள் வாத்தியத்தையும் ஆடியோவாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். எக்ஸ்போர்ட் ஆனதைக் கேட்டும் பாருங்கள். பெரிய லைப்ரரிகள் அவசர எக்ஸ்போர்ட்டில் சில ஸ்வரங்களை விழுங்கிவிடுவதுண்டு. அப்படியானால் ரியல்டைமில் (பாட்டு ஓடும் அதே வேகத்தில்) எடுங்கள். வெளியே இருக்கும் நிஜ கீபோர்டை மிடி வழியாக வாசிக்கவைத்தால் ரியல்டைம் தவிர வேறு வழியும் இல்லை.

மிடி ஃபைலைக் கூடச் சேர்த்து அனுப்பினால் நல்லது. அதில் டெம்போ மாற்றங்களும் வந்துவிடும். பாட்டு 96-இல் தொடங்கி இடையில் 104 ஆகிறதென்றால் என்ஜினியரின் டிலே எல்லாம் அதைப் பார்த்துத்தான் ஓட வேண்டும்.

## "ஆடியோ 1_07-ன்னா என்ன?"

முப்பது ஃபைலும் இப்படிப் பெயர் தாங்கி வந்தால் ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டுப் பெயர் வைக்கவே ஒரு மணி நேரம் போய்விடும். வாத்தியத்தின் பெயர், தேவைப்பட்டால் இடம் அல்லது ஆள், அவ்வளவுதான்: கஞ்சிரா, வயலின் இடையிசை 2, கோரஸ் பெண் மேல்ஸ்தாயி. முன்னால் இரண்டு இலக்க எண் போட்டால் தாளம், பேஸ், கீபோர்ட், குரல் என்ற வரிசை கலையாது. ஃபைல் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழில் வைத்தால் சில பழைய ஜிப் மென்பொருள்களில் கேள்விக்குறிகளாக மாறிவிடும். சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி எதுவும் வேண்டாம். விண்டோஸ் அவற்றை ஏற்காது. 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் ரியல்' என்று மூன்று லீட் குரல் வந்தால் எது உண்மை என்று கேட்க நான் போன் செய்தே ஆக வேண்டும்.

கூடவே ஒரு சின்னக் குறிப்பு: டெம்போ, தாளம், சுருதி எத்தனை கட்டை, சாம்பிள் ரேட், பிட் அளவு, எந்த ட்ராக்கில் என்ன கோளாறு தெரியும். பத்து வரி போதும்.

## "ஃபைல் திறக்கல, பாதி காணோம்"

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ ட்ராக் நிமிடத்துக்குச் சுமார் 8.6 மெகாபைட். நாலு நிமிஷப் பாட்டில் 40 ட்ராக் என்றால் 1.4 ஜிகாபைட் வந்துவிடும். ஜிமெயிலின் 25 மெகாபைட்டுக்குள் இதை அடக்கப் பார்த்து எம்பி3 ஆக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரே ஜிப்பாகக் கட்டி கூகிள் டிரைவில் ஏற்றுங்கள். ஜிப் வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: ஃபோல்டராகவே விட்டால், இறக்கும்போது கூகிள் டிரைவ் அதைத் தானே ஜிப் ஆக்கிப் பல துண்டாகப் பிரித்துக் கொடுக்கக்கூடும். ஒரு துண்டு இறங்காமல் போனாலும் யாரும் கவனிப்பதில்லை. கோரஸ் ட்ராக் காணாமல் போவது பெரும்பாலும் இப்படித்தான். மொத்தம் எத்தனை ஃபைல் என்று குறிப்பில் எழுதிவிட்டால் அவர் எண்ணிப் பார்த்துக்கொள்வார். லிங்க்கை எல்லோரும் திறக்கும்படி வைத்தீர்களா என்று, லாகின் செய்யாத வேறொரு ப்ரவுசரில் போட்டுப் பாருங்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு அனுமதி கேட்டு மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது யாருக்கும் பிடிக்காது.

வாட்ஸ்அப்பில் ஒன்றிரண்டு ஃபைல் அனுப்ப நேர்ந்தால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். வாய்ஸ் நோட்டாக ஓட்டிப் பதிவு செய்து அனுப்பியவர்களும் உண்டு. ப்ராஜெக்ட் ஃபைல் மட்டும் வந்து, கூட இருக்க வேண்டிய ஆடியோ ஃபோல்டர் வராமல் போவதும் அடிக்கடி நடக்கும். ப்ராஜெக்ட் ஃபைலின் எடை சில மெகாபைட்தான் என்றால் அதற்குள் ஒலி இல்லை என்று அர்த்தம்.

கடைசியாக, திருத்திய ட்ராக்கை அனுப்பும்போது. மொத்தத்தையும் மறுபடி ஏற்ற வேண்டாம். மாறிய ஃபைலை மட்டும், அதே தொடக்கப் புள்ளியில், அதே நீளத்தில், பெயரின் கடைசியில் வி2 என்று சேர்த்து அனுப்புங்கள். டிரைவில் பழைய ஃபைலின் மேலேயே அதே பெயரில் சத்தமில்லாமல் மாற்றி வைக்காதீர்கள். அவர் பழையதை எப்போதோ இறக்கி வேலையை ஆரம்பித்திருப்பார். எது மாறியது என்று ஒரு வரி மெசேஜ் போட்டுவிடுங்கள்: "அண்ணா, இரண்டாவது சரணம் லீட் குரல் மட்டும் புதுசு, வி2." மிக்ஸ் கைக்கு வரும்வரை உங்கள் லேப்டாப்பில் இருக்கும் மூலப் ப்ராஜெக்டை இடம் போதவில்லை என்று அழிக்காதீர்கள்.